முதல் மீளாய்வு எழுதப்போகும் மாணவர்களுக்கு

"சார், ஒரு ரிவ்யூ எழுதணும். டாபிக் குடுங்க."

முப்பத்தைந்து ஆண்டுகள் சமூக மருத்துவத் துறையில் பாடம் நடத்திய எனக்கு இந்த வேண்டுகோள் மிகவும் பழகியது. இரண்டாம் ஆண்டு மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள், தீசிஸ் நாள் நெருங்கிய பட்டமேற்படிப்பு மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கொடுத்து அனுப்பினேன். தலைப்போடு சேர்த்துச் சொல்ல வேண்டியவற்றை ஓரிடத்தில் எழுதிவைக்காமலே ஓய்வுபெற்றுவிட்டேன். அந்தக் கடனை இப்போது அடைக்கிறேன்.

ஒரு சிகிச்சையைப் பற்றி நடந்த ஆய்வுகளை முறைப்படி தேடி, தரம் பார்த்து, சேர்த்து எடைபோட்டு, அது பலன் தருகிறதா, யாருக்கு, எவ்வளவு, கேடு என்ன என்று சொல்வதே மீளாய்வு. ஆய்வுக்கூடமோ பெரிய நிதியோ தேவையில்லை என்பதால் மாணவர்கள் ஆராய்ச்சிக்குள் நுழைய இதுவே முதல் வாசல். ஆனால் இது எளிய வேலை அல்ல. உங்கள் அட்டவணையில் ஏறும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும், தன் உடம்பைத் தந்து "பிறருக்காவது உதவட்டும்" என்று கையெழுத்தோ கைநாட்டோ வைத்த ஒருவர் இருக்கிறார். கீழே சொல்பவை எல்லாம் அவருக்கு நாம் பட்ட கடனிலிருந்து பிறந்தவை.

1. கேள்வியை வார்டிலிருந்து எடுங்கள்

பல ஆண்டுகளுக்கு முன் ஓ.பி.யில் ஓர் அம்மா வந்தார். மகனுக்குக் காசநோய் என்று அன்றுதான் தெரிந்திருந்தது. "ஐயா, இவன வீட்லயே வச்சுக்கலாமா, எங்கயாவது கொண்டு போய் விடணுமா? பேரப்புள்ளைங்க ரெண்டு இருக்கு, அதுங்களுக்கு ஒட்டிக்குமா? எல்லாரும் நல்லா சாப்புட்டா வராம இருக்குமா?" என்று ஒரே மூச்சில் கேட்டார்.

பக்கத்தில் நின்ற மாணவர் அன்று மாலை எனக்குக் காட்டிய தலைப்பு: 'காசநோயும் ஊட்டச்சத்தும்'. அது பாடப்புத்தக அத்தியாயத்தின் பெயர். கேள்வி அல்ல. அந்த அம்மா கேட்டதுதான் கேள்வி.

நல்ல கேள்விக்கு நான்கு கால்கள் உண்டு. யாருக்கு? என்ன சிகிச்சை? எதோடு ஒப்பிட்டு? எந்த விளைவைப் பார்த்து? நான்கையும் ஒரே வரியில் எழுத முடியாவிட்டால் பப்மெட்டைத் திறக்காதீர்கள். திரும்பவும் வார்டுக்குப் போங்கள்.

2. மூல ஆய்வை முழுவதும் படியுங்கள்

அந்த அம்மாவின் முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை நம் ஊரிலேயே கிடைத்தது. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. படுக்கையோ போதவில்லை. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு வீட்டிலும் மறு பாதிக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகள் ஓராண்டு தரப்பட்டன. முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. இடநெருக்கடியான வீட்டில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். பிறகு பல ஆண்டுகள் குடும்பத்தினரையும் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி வீட்டில் சிகிச்சை பெற்றதால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் வழக்கத்துக்கு அடித்தளமான ஆய்வுகளில் இது முதன்மையானது.

சுருக்கத்தை மட்டும் படிப்பவர் "உணவு முக்கியமில்லை" என்று எழுதிவிடுவார். முழுதும் படிப்பவருக்குத்தான் அந்த ஆய்வின் எல்லை தெரியும். மருந்தை ஒழுங்காக உட்கொள்ளும் நோயாளி குணமடைய உணவு தீர்மானமான காரணியாக இருக்கவில்லை என்பதை மட்டுமே அது சொன்னது. நல்ல சாப்பாடு மற்றவர்களுக்கு நோய் வராமல் காக்குமா என்ற மூன்றாவது கேள்விக்கு அதில் விடை இல்லை. விளைவு மாறினால் விடையும் மாறும். அந்த அம்மாவிடம் அதற்கு மட்டும் "தெரியலம்மா" என்றுதான் சொன்னேன்.

3. தேடுவதற்கு முன்பே திட்டத்தை எழுதிப் பதிவுசெய்யுங்கள்

எந்த ஆய்வைச் சேர்ப்பீர்கள், எதை விடுவீர்கள், எந்த விளைவை முதன்மையாகக் கொள்வீர்கள், நோயாளிகளை எந்தெந்தப் பிரிவாகப் பார்ப்பீர்கள் என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். ப்ராஸ்பெரோ என்ற பன்னாட்டுப் பதிவேடு 2011 முதல் இதற்காகவே இருக்கிறது. முடிவைப் பார்த்தபின் விதி எழுதினால், நேர்மையானவர் கையும் தனக்குப் பிடித்த பக்கம் சாய்ந்துவிடும்.

1988இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வை நான் எல்லா வகுப்பிலும் சொல்வதுண்டு. மாரடைப்பு வந்த 17,187 பேர் அதில் இருந்தார்கள். ஆஸ்பிரின் உயிர் காப்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நோயாளிகளைச் சிறு பிரிவுகளாகவும் பிரித்துக் காட்டும்படி ஆய்வாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அப்படிப் பிரிப்பதன் ஆபத்தைக் காட்ட, பிறந்த தேதியை வைத்து ராசிவாரியாகவும் பிரித்து வெளியிட்டார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை, சற்றே பாதகம் என்று கணக்கு காட்டியது! மருந்துக்கு ராசி தெரியாது. போதிய அளவு துண்டாக்கினால் எந்தத் தரவும் எதையாவது சொல்லும். "பெண்களுக்கு மட்டும் பலன்", "அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் பலன்" என்று எழுதத் தோன்றும்போது, முன்பே எழுதிவைத்த திட்டத்தில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அது பிற்பாடு கண்டது என்பதை வாசகருக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

4. அச்சேறாததையும் தேடுங்கள்

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளை எடுத்து, இதழ்களில் வந்தவற்றோடு ஒப்பிட்டது. பலன் உண்டு என்று அமைப்பு கருதியவை 38. அவற்றில் 37 அச்சேறின. மற்ற 36இல் 22 அச்சேறவே இல்லை. 11 ஆய்வுகள் பலன் இருந்ததுபோன்ற தொனியில் அச்சேறின. உள்ளபடியே வெளிவந்தவை மூன்றே மூன்று. இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு எல்லா மருந்தும் வென்றதாகத்தான் தோன்றியிருக்கும்.

ஆகவே பப்மெட்டோடு நின்றுவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007இல் தொடங்கியது, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமானது. உங்கள் தலைப்பில் அங்கே பதிவாகி, முடிந்து, முடிவு வெளிவராத ஆய்வுகள் எத்தனை என்று எண்ணுங்கள். நம் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்கப்பட்ட பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளையும் பாருங்கள். இதழுக்குப் போகாமல் தூங்கும் நல்ல தரவுகள் அங்கே உண்டு. ஆய்வாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பலர் பதில் தருவார்கள்.

5. இருவராக, தனித்தனியாகச் செய்யுங்கள்

ஆய்வுகளைத் தேர்வதையும் எண்களை எடுத்து எழுதுவதையும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் செய்து, பிறகு ஒப்பிடுங்கள். கருத்து வேறுபட்டால் மூன்றாமவர் தீர்க்கட்டும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதன்முதலாக நான் செய்த தொகுப்பில் ஓர் ஆய்வின் திட்டப் பிழையை, திட்ட விலக்கம் என்று நினைத்து எக்செல்லில் ஏற்றிவிட்டேன். திட்டப் பிழை எப்போதும் திட்ட விலக்கத்தைவிடச் சிறிய எண். அதனால் அந்த ஒரே ஆய்வு மிகத் துல்லியமானதுபோலத் தோன்றி, மொத்த முடிவையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. தனியாக அதே வேலையைச் செய்த என் மாணவி வந்து, "சார், இந்த ஒரு ஸ்டடி மட்டும் ஏன் இவ்வளவு வெயிட்?" என்று கேட்டாள். அவள் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பிழை அச்சில் ஏறியிருக்கும். அன்றிலிருந்து தனியாளாக எண்களை எடுப்பதை நிறுத்திவிட்டேன். கைடு சொன்னார் என்பதற்காக எந்த எண்ணையும் ஏற்காதீர்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள்.

6. நோயாளிக்கு முக்கியமான விளைவைப் பாருங்கள்

இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. கோடு இவையெல்லாம் அளக்க எளியவை. நோயாளி கேட்பதோ வேறு: பிழைப்பேனா? நடப்பேனா? வேலைக்குப் போவேனா? அந்த அளவுகள் சரியானால் இவையும் சரியாகும் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம்.

மாரடைப்புக்குப் பின் இதயத்தில் தோன்றும் தாளம் தப்பிய துடிப்புகள் திடீர் மரணத்தின் அறிகுறி என்பதால், அவற்றை அடக்கும் மருந்துகள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தாராளமாகத் தரப்பட்டன. என்கைனைடும் ஃபிளெகைனைடும் அந்தத் துடிப்புகளை அழகாக அடக்கின. ஈ.சி.ஜி.யைப் பார்த்த மருத்துவருக்கு மகிழ்ச்சி. பிறகு காஸ்ட் என்ற ஆய்வு, மருந்து பெற்றவர்கள் பிழைத்தார்களா என்று எண்ணிப் பார்த்தது. 1991இல் வெளிவந்த கணக்கு: மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். கோடு சீரானது, ஆள் போய்விட்டார்.

உங்கள் அட்டவணையின் முதல் வரிசையில் நோயாளி உணரும் விளைவை வையுங்கள். ஆய்வக அளவுகள் அதற்குக் கீழே வரட்டும். பக்கவிளைவுகளுக்குத் தனி வரிசை கட்டாயம் வேண்டும். எந்த ஆய்வும் நோயாளிக்கு முக்கியமான விளைவை அளக்கவில்லை என்றால் அந்த வரிசையை வெறுமையாகவே விடுங்கள். அந்த வெறுமையும் ஒரு கண்டுபிடிப்புதான்.

7. ஒப்பிடப்பட்டவர்கள் ஒத்தவர்களா என்று பாருங்கள்

மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்தால் இதயநோய் குறையும் என்று கவனிப்பு ஆய்வுகள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடந்த அமெரிக்க ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் நன்மையைவிடக் கேடு மிகுதி என்று தெரிந்து, 2002இல் அது முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முன்பு அந்த மாத்திரையைத் தாமாக எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உடல்நலப் பேணலும் உள்ளவர்கள். அவர்களுடைய வாழ்க்கையின் பலனை மாத்திரையின் கணக்கில் எழுதிவிட்டோம். ஒவ்வோர் ஆய்வையும் திறக்கும்போது கேளுங்கள்: இவர்கள் எப்படிப் பிரிக்கப்பட்டார்கள்? யார் எந்தக் குழு என்பதை முன்கூட்டியே யாராவது அறிய முடிந்ததா? இடையில் விலகியவர்கள் எங்கே போனார்கள்?

8. சிறிய ஆய்வுகளைத் தள்ளாதீர்கள். 'பலன் இல்லை' என்று அவசரப்படாதீர்கள்

நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹவியும் 1972இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்து, உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடியது. அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் சிறியவை. தனித்தனியே பார்த்தால் பலவற்றில் முடிவு தெளிவில்லை. "சான்று போதாது" என்று மருத்துவர்கள் தயங்கினார்கள். அவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்ட மீளாய்வு 1990ஐ ஒட்டி வந்தபோது, பலன் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஊசி கிடைக்காமல் இறந்த குழந்தைகள் எத்தனையோ! மருத்துவ மீளாய்வுகளுக்காக 1993இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு தன் சின்னத்திலேயே அந்த ஆய்வுகளின் கோடுகளை வரைந்து வைத்திருக்கிறது.

எனவே ஒரு சிறிய ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் 'பலன் இல்லை' என்று எழுதாதீர்கள். 'இவ்வளவு பேரை வைத்துச் சொல்ல முடியவில்லை' என்பதே உண்மை. அதேபோல, ஒன்றுக்கொன்று பொருந்தாத ஆய்வுகளைக் கணினி கூட்டித் தருகிறது என்பதற்காகக் கூட்டாதீர்கள். அரிசியையும் உளுந்தையும் ஒரே படியால் அளக்கலாம், ஆனால் அதை அரிசிக் கணக்கு என்று எழுத முடியாது.

9. நம்புவதற்கு முன் சரிபாருங்கள்

கொரோனா காலத்தில் ஐவர்மெக்டின் பெரும் பலன் தருவதாகச் சொன்ன ஓர் எகிப்திய ஆய்வு, அச்சேறுவதற்கு முன்பே உலகெங்கும் பரவியது. பல தொகுப்பாய்வுகள் அதைச் சேர்த்துக்கொண்டன. லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் அதன் மூலத் தரவைத் திறந்து பார்த்தார். ஆய்வு தொடங்கிய தேதிக்கு முன்பே இறந்தவர்கள் பட்டியலில் இருந்தார்கள். சில பத்திகள் வேறிடத்திலிருந்து எடுக்கப்பட்டவை. 2021 ஜூலையில் அந்தக் கட்டுரை விலக்கப்பட்டது. அதை நீக்கியதும், தொகுப்பாய்வுகளில் தெரிந்த உயிர்காக்கும் பலன் பெரிதும் கரைந்துபோனது.

பெரிய பேராசிரியர்கள் கடந்துபோனதை ஒரு மாணவர் நின்று பார்த்தார். உங்கள் வயது இதற்குத் தடையல்ல. கூட்டுத்தொகை சரியா? ஆள்கணக்கு பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போகிறதா? பதிவேட்டில் சொன்ன விளைவும் கட்டுரையில் சொன்ன விளைவும் ஒன்றா? இந்த மூன்றையும் ஒவ்வோர் ஆய்விலும் பாருங்கள். ஐயம் வந்தால் யாரையும் குற்றம் சாட்டாமல், கண்டதை மட்டும் எழுதுங்கள்.

10. எண்ணைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

அந்த அம்மாவின் மூன்றாவது கேள்விக்கு 2023இல் விடை வந்தது. ஜார்க்கண்டில், சென்னையின் அதே நிறுவனமும் பங்கேற்று நடத்திய ரேஷன்ஸ் ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டைச் சேர்ந்த 10,345 பேர் இருந்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப்பை தரப்பட்டது. மற்ற வீடுகளில் எல்லோருக்கும் தரப்பட்டது. எல்லோரும் உண்ட வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

39 சதவீதம் என்று மட்டும் எழுதினால் நூற்றில் 39 பேர் தப்பினார்கள் என்று படிப்பவர் நினைக்கலாம். உள்ளபடி சொன்னால்: இரண்டாண்டில் ஆயிரம் பேரில் 26 பேருக்கு வந்திருக்கும் நோய் 17 பேருக்கு வந்தது. 39 என்பது புள்ளியியல் திருத்தங்களுக்குப் பின் கிடைத்த விகிதம். இரண்டு எண்களையும் எழுதுங்கள். ஒன்று சிகிச்சையின் வலிமையைச் சொல்லும், மற்றது ஓர் ஊருக்கு எத்தனை பேர் என்று சொல்லும். ஆயிரத்துக்கு ஒன்பது பேர் என்பது நம் நாட்டில் சிறிய எண் அல்ல.

முடிவுரையை எழுதியதும், அதை உங்கள் பாட்டியிடம் பேசுவதுபோல் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் உங்களுக்கே இன்னும் புரியவில்லை.

11. பெயரைக் காத்துக்கொள்ளுங்கள்

உழைக்காதவர் பெயரைச் சேர்க்காதீர்கள், உழைத்தவர் பெயரை விடாதீர்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதில் எழுதாதீர்கள். பிறர் வாக்கியத்தை எடுத்து ஒட்டாதீர்கள். பயோடேட்டாவில் ஒரு வரி கூடுவதற்காக எழுதிய மீளாய்வை ஒரு மருத்துவர் நம்பி மருந்து எழுதக்கூடும் என்பதை மறக்காதீர்கள்.

12. விடையை வார்டுக்குக் கொண்டுபோங்கள்

அச்சில் வந்ததும் வேலை முடிந்துவிடாது. கேள்வி எங்கே பிறந்ததோ அங்கே விடை போய்ச் சேர வேண்டும். உங்கள் துறைக் கூட்டத்தில் பேசுங்கள். வார்டு செவிலியரிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் சொல்லுங்கள். புதிய ஆய்வு வந்தால் உங்கள் முடிவைத் திருத்தத் தயங்காதீர்கள்.

அந்த அம்மாவை நான் மறுபடி பார்க்கவில்லை. ஆனால் அதே கேள்வியோடு இன்னொரு தாய் நாளைக் காலை உங்கள் ஓ.பி.யில் நிற்பார். அவருக்கு நீங்கள் இப்படிச் சொல்லலாம்: "அம்மா, மகனை வீட்டிலேயே வச்சுக்குங்க. மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது. பேரப்பிள்ளைங்கள நாளைக்கே கூட்டிட்டு வாங்க, பரிசோதிச்சுட்டுத் தடுப்பு மருந்து குடுக்கிறோம். நல்ல சாப்பாடு அவருக்கு மட்டும் இல்ல, வீட்ல எல்லாருக்கும் வேணும்."

நான் "தெரியலம்மா" என்று நிறுத்திய இடத்திலிருந்து நீங்கள் பேசுவீர்கள். சென்னையின் 193 பேரும் ஜார்க்கண்டின் 10,345 பேரும் உங்கள் வாய்வழியாக அந்தத் தாயிடம் பேசுவார்கள். அவர்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சேர்த்துவிடுங்கள்.